வளர்ப்பு நாய்க்கு சாம்பார் சாதம் போடலாமா?
நாய் வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

மும்பை வாழ் தமிழர் குடியிருப்புகளில் நாய் வளர்க்காத சந்து அநேகமாக இல்லை. திருட்டுப் பயத்துக்காகச் சிலர் வளர்க்கிறார்கள். குழந்தைகளின் பிடிவாதத்துக்காகச் சிலர் வளர்க்கிறார்கள். ஆனால் அதற்கு என்ன போடுவது, அது ஏன் இப்படி நடந்து கொள்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. எங்கள் குடியிருப்பில் நடந்த ஒரு சம்பவம் கண்ணைத் திறந்தது.

எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுகிறார். நெல்லைச் சீமைக்காரர். அவருடைய நாயின் பெயர் மணி. ஒரு நாள் மத்தியானம் மணி சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பையன் விளையாட்டாக அதன் தட்டை இழுத்து விட்டான். "வெடுக்"கென்று கையில் கடி விழுந்தது.

பாட்டி ஓடி வந்து காயத்தில் மிளகாய்ப் பொடியை அப்பினார். "வீட்டு நாய்தானே, ஒன்றும் செய்யாது" என்றார்கள் சிலர். நல்ல வேளையாக, எதிர் வீட்டில் இருக்கும் நர்ஸ் அம்மா அன்று வீட்டில் இருந்தார். பையனைக் குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவினார். பிறகு மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

"நாய்க்கு வெறிநோய் ஊசி போட்டிருக்கிறதா?" என்று அங்கே கேட்டார்கள். யாரிடமும் பதில் இல்லை. பையனுக்கு ஊசியை அன்றே ஆரம்பித்தார்கள். மணியைக் கட்டி வைத்துப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் இரண்டு வீட்டிலும் தூக்கம் இல்லை.

அதன் பிறகு அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்விகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டு, கால்நடை டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். அவர் விளக்கியதை வாசகர்களுக்குத் தருகிறேன்.

சாம்பார் சாதம் போடலாமா?

சாதம் போடலாம், சாம்பார் கூடாது. சாம்பாரில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் கெடுதல்தான். உப்பு, காரம், மசாலா சேர்க்காத குழைந்த சாதத்துடன் எலும்பு நீக்கிய கோழிக்கறியோ முட்டையோ வேகவைத்துப் போடலாம். கேரட், பூசணி சேர்க்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

பாயசம் மிஞ்சினால்?

கொட்டி விடுங்கள். அதிலுள்ள உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தையே பாழாக்கி விடும். சாக்லேட்டும் விஷம். டீயில் நனைத்த பிஸ்கட்டும் பாவும் செல்லத்துக்காகக் கொடுப்பது. அது ஆகாரம் ஆகாது.

எலும்பு கொடுப்பது வழக்கம்தானே?

வெந்த கோழி எலும்பு ஊசி போல உடையும். தொண்டையிலும் குடலிலும் குத்திக் கொள்ளும். இதனால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

பால்?

வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றோட்டம் ஆகும். குடிக்க எப்போதும் தண்ணீர் வையுங்கள். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்து நாயால் சூட்டைத் தணித்துக் கொள்ள முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் தணித்துக் கொள்கிறது. தகரக் கூரையின் கீழ் வெயில் நேரத்தில் கட்டிப் போடக் கூடாது.

எத்தனை வேளை?

குட்டிக்கு மூன்று, நான்கு வேளை. வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை போதும்.

புல்லைத் தின்கிறதே, வியாதியா?

எப்போதாவது தின்றால் பயமில்லை. நல்ல ஆரோக்கியமான நாயும் புல் தின்னும். ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாமல் படுத்து விட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். நாம் ஜுரத்துக்குப் போட்டுக் கொள்ளும் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

செருப்பைக் கடித்துக் குதறுகிறதே?

குட்டிக்கு 28 பால் பற்கள். ஏழு மாதத்துக்குள் அவை விழுந்து 42 பற்கள் முளைக்கின்றன. அப்போது ஈறு ஊறும். எதையாவது கடிக்கத் தோன்றும். முடிச்சுப் போட்ட பழைய துணியைக் கொடுங்கள். காலையில் கடித்த செருப்புக்காக, டூட்டி முடிந்து வந்து மாலையில் அடித்தால், எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. உங்களிடம் பயம்தான் வளரும்.

நாங்கள் வேலைக்குப் போனதும் ஊளையிடுகிறது, அபசகுனமா?

சகுனமும் இல்லை, ஒன்றும் இல்லை. தனிமைதான் காரணம். நாள் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் நாய் குரைக்கும், ஊளையிடும், முரடாகவும் மாறும். காலையும் மாலையும் அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப் போனால் பாதித் தொல்லை தீரும்.

சாப்பிடும்போது உறுமுகிறதே?

தட்டைப் பிடுங்கி விடுவார்களோ என்ற பயம் அது. உறுமுவது எச்சரிக்கை. அதற்காக அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கலாம். ஒதுக்குப்புறமான மூலையில் தட்டை வையுங்கள். சாப்பிடும் நாயிடமும் தூங்கும் நாயிடமும் குழந்தைகளை விடாதீர்கள்.

கடித்து விட்டால்?

வீட்டு நாய் ஆனாலும் தெரு நாய் ஆனாலும் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுவது. மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்பு தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். அந்தப் பயத்தில் இன்றும் சிலர் மறைத்து விடுகிறார்கள். இப்போது கையில் நான்கைந்து தடவைதான் ஊசி. ஆனால் ஒரு நாள் கூடத் தவற விடக் கூடாது. வெறிநோய் வந்த பிறகு பிழைப்பது அரிது.

நாய்க்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் போட்டு, அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். பரேலில் 1886-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரியும், அதையொட்டி பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் பிராணிகள் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. பரேல் ஸ்டேஷனில் இறங்கினால் போய் விடலாம்.

பத்து நாள் கழிந்தது. மணிக்கு ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் காலை டாக்சிக்காரர் சவாரியை விட்டு விட்டு, மணியை வண்டியில் ஏற்றிப் பரேலுக்குப் போய் ஊசி போட்டு வந்தார். பையனும் எல்லா ஊசியையும் போட்டு முடித்து விட்டான். இப்போது மணியின் தட்டு மாடிப்படிக்குக் கீழே தனியாக இருக்கிறது. "மணி சாப்பிடுது, யாரும் போகாதீங்க" என்று மற்றப் பிள்ளைகளை விரட்டுகிறவன் அந்தப் பையன்தான்.