சிற்றூரில் கூடிய விலங்கு நடத்தை மாநாடு

விஞ்ஞானிகளின் மாநாடு என்றதும் பெரிய நகரமும் பல்கலைக்கழக மண்டபமுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1999-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரில் நடைபெற்ற சர்வதேச விலங்கு நடத்தை மாநாடு அவ்வகையதே. கர்நாடகத்தில் குடியேறி வாழும் நேயர்கள் சிலருக்கு அது நினைவிருக்கவும் கூடும். அம்மாநாடு ஒரு நீண்ட வரிசையில் இருபத்தாறாவது. அவ்வரிசையின் முதல் மாநாடோ 1952-இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியில், மியூன்ஸ்டர் நகருக்குத் தென்மேற்கே, வயல்கள் சூழ்ந்த புல்டர்ன் என்னும் சிற்றூரில் கூடிற்று.

உழவர் வாழும் ஊரில் உலக அறிஞர்களுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அறிஞர்கள் வருவதற்கு முன்பே அங்கே வாத்துகள் வந்துவிட்டன என்பதே விடை. ஆஸ்திரியரான கொன்ராட் லாரென்ஸ் போரின்போது ரஷ்யரிடம் சிறைப்பட்டு, 1948-இல் நாடு திரும்பினார். சொந்த நாட்டில் தக்க பதவி வாய்க்கவில்லை. அந்நிலையில் மாக்ஸ் பிளாங்க் கழகம் அவருக்கு ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்துத் தர முன்வந்தது. ரோம்பெர்க் என்னும் பிரபு, அகழி சூழ்ந்த தம் புல்டர்ன் மாளிகையை ஒட்டி அதற்கு இடம் அளித்தார். நீரும் புல்வெளியும் அங்கே தாராளமாக இருந்தன. கூண்டில் அடைபட்ட பறவை தன் இயல்பில் ஒரு பகுதியையே காட்டும். அது மேயவும், நீந்தவும், இணை தேடவும், சண்டையிடவும் இடம் வேண்டும். இத்துறைக்குச் சிற்றூரே ஆய்வுக்கூடம்.

அங்கே ஆராய்ந்தவை யாவை? முட்டையை விட்டு வெளிவந்த சாம்பல் வாத்துக் குஞ்சு, முதலில் தன் கண்முன் அசைவது எதுவோ அதனையே தாயாகக் கொண்டு பின்தொடர்கிறது. அது மனிதனாயினும் சரியே. இவ்வியல்பைப் பற்றி லாரென்ஸ் 1935-இலேயே விரிவாக எழுதியிருந்தார். கூட்டுக்கு வெளியே உருண்ட முட்டையைத் தாய் வாத்து கழுத்தை நீட்டி, அலகின் அடிப்புறத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பாதி வழியில் முட்டையை எடுத்துவிட்டாலும், இல்லாத முட்டையை இழுக்கும் செயலை முடித்தே தீரும். டச்சு அறிஞர் நிக்கோ டின்பெர்கனும் லாரென்ஸும் 1937-இல் சேர்ந்து ஆராய்ந்தது இது. கடற்காக்கையின் குஞ்சோ, தாயின் அலகிலுள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தி உணவு கேட்கிறது; அட்டையில் வெட்டிய தலையைக் காட்டினாலும் கொத்துகிறது. தாய் முழுவதும் தேவையில்லை. சில அடையாளங்கள் போதும்.

நம் ஊர்ப்புறத்தார் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள். கன்றை இழந்த பசு பால் சுரக்க மறுத்தால், கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து அதன் முன் நிறுத்துவது நம் கிராமங்களில் உண்டன்றோ? பசுவும் அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். உழவன் பாலுக்காகச் செய்ததை, விஞ்ஞானி அளந்து பார்ப்பதற்காகச் செய்தான். எது போதும், எது போதாது என்று ஒவ்வோர் அடையாளமாக மாற்றி மாற்றிச் சோதித்தது விஞ்ஞானியின் பங்கு.

இனி, அம்மாநாட்டின் மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. லாரென்ஸ் 1938-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். பிராணிகளை வீட்டில் வளர்ப்பதால் அவற்றின் இயல்பு சீர்கெடுகிறது என்ற தம் கருத்தை மனித இனத்துக்கும் பொருத்தி, அக்கட்சியின் கொள்கைக்குத் துணைபோகும்படி 1940-இல் எழுதினார். அவருடைய நண்பரான டின்பெர்கனோ, 1942 முதல் 1944 வரை ஜெர்மானியரின் பணயக் கைதியாக முகாமில் இருந்தவர். இருவரும் போருக்குப் பின் முதன்முதலாக 1949-இல் கேம்பிரிட்ஜில் சந்தித்தனர். மூன்றாண்டுகளுக்குப் பின், அண்மைவரை ஒருவரையொருவர் எதிரியாகக் கண்ட நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் புல்டர்னில் ஒன்றுகூடினர். அது எளிதாய் நிகழ்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பழைய எழுத்துகள் மறையவும் இல்லை. பிற்காலத்தில் லாரென்ஸ் புகழ் பெறப் பெற, அவை மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டப்பட்டன. ஆயினும் அவரோடு பேசாமலே இருந்துவிடலாம் என்று டின்பெர்கன் எண்ணவில்லை. மன்னிப்பா, அல்லது துறையின் மேலுள்ள பற்றா, எது மிகுதி என்று வெளியிலிருந்து நாம் அளந்து சொல்ல இயலாது.

கருத்து மோதலும் விரைவில் வந்தது. பிறவியிலேயே அமைந்த செயல், கற்றுக்கொண்ட செயல் என லாரென்ஸ் வகுத்த பிரிவு மிகையானது என்று அமெரிக்கரான டேனியல் லெர்மன் 1953-இல் கடுமையாக எழுதினார். அவ்விவாதத்தால் இத்துறை வளம் பெற்றதேயன்றிக் குன்றவில்லை. 1973-இல் லாரென்ஸ், டின்பெர்கன், தேனீக்களை ஆராய்ந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

புல்டர்னில் ஆராய்ச்சி நிலையம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1950-களின் பிற்பகுதியில் லாரென்ஸ், பவேரியாவில் ஓர் ஏரிக்கரையிலுள்ள சீவீசனுக்குப் பணியை மாற்றிக்கொண்டார். புல்டர்ன் 1975-இல் அருகிலுள்ள டியூல்மென் நகரோடு இணைக்கப்பட்டது.