வலைத்தள வாயில் எல்லார்க்கும் திறந்துள்ளதா?

ஓர் இல்லத்தின் வாயில் குறுகியது என்பதை உள்ளே வாழ்பவர் உணர்வதில்லை. சக்கர நாற்காலியில் வருபவரே உணர்வார். கணிப்பொறித் திரையில் விரியும் வலைத்தளங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

இதனைப் புலப்படுத்தும் வழக்கொன்று ஆஸ்திரேலியாவில் எழுந்தது. சிட்னி ஒலிம்பிக் போட்டிக்கென அமைந்த வலைத்தளத்தைத் தம்மால் முழுமையாகப் பயன்படுத்த இயலவில்லை எனப் புரூஸ் மெகுவயர் என்னும் பார்வையற்றவர் 1999ஆம் ஆண்டு முறையிட்டார். அவர் திரைச் செய்தியைப் பிரெய்ல் எழுத்தாகத் தரும் கருவியைக் கொண்டு படிப்பவர். படங்களுக்கு ஈடான சொல்விளக்கம் இல்லை என்பது அவர் காட்டிய குறைகளுள் ஒன்று. திருத்தப் பெருஞ்செலவாகும் என்றது அமைப்புக்குழு. மனித உரிமை ஆணையம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2000 ஆகஸ்டில் மெகுவயருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. குறைகள் முழுமையும் களையப்படாமையால் 20,000 டாலர் இழப்பீடும் வழங்கப்பெற்றது.

வலைத்தள அணுகலுக்கான நெறிமுறைகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் முதன்முதலாக வெளியிட்டது. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பு நான்கு அடிப்படைகளை வகுத்தது. உள்ளடக்கம் புலன்களால் உணரத்தக்கதாதல், இயக்கத்தக்கதாதல், விளங்கத்தக்கதாதல், பல்வகைக் கருவிகளிலும் செயற்படத்தக்கதாதல் என்பன அவை.

இவற்றை ஆராய்ந்தறியும் எளிய வழிகள் சில உள. முதலாவதாக, சுட்டியை ஒதுக்கி, விசைப்பலகையால் மட்டும் தளத்தை இயக்குக. ஒவ்வோர் இணைப்பையும் அடைய இயல்கிறதா? எவ்விடத்தில் நிற்கிறோம் என்பது திரையில் புலனாகிறதா? கைநடுக்கம் உடையோர்க்கு இது இன்றியமையாதது. இரண்டாவதாக, திரையை அணைத்துவிட்டு, என்விடிஏ போன்ற விலையில்லாத் திரைவாசிப்பான் படிப்பதைச் செவியால் மட்டும் கேட்டு, ஒரு விண்ணப்பத்தை நிரப்பிப் பார்க்க. மூன்றாவதாக, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை அளக்க. சாதாரண அளவு எழுத்துக்கு அது 4.5க்கு 1 என்னும் விகிதத்திற்குக் குறைதல் கூடாது. 'சிவப்பு நிறக் கட்டங்களை நிரப்புக' என நிறத்தால் மட்டும் குறிப்பதும் தவறாகும். நான்காவதாக, காணொளியின் பேச்சு செவித்திறன் குறைந்தோர்க்கு எழுத்தாகவும் கிடைக்கிறதா எனக் காண்க.

இச்சோதனைகளுட் சிலவற்றை மென்பொருளே விரைந்து செய்யும். எனினும், படத்திற்கு விளக்கம் உண்டா என்று கூறவல்ல மென்பொருளால், அவ்விளக்கம் பொருத்தமானதா என்று உறுதியாகக் கூற இயலாது. ஆதலின், மாற்றுத்திறனாளிகளையே பயன்படுத்தச் செய்து, அவர்தம் கருத்தைக் கேட்டறிதலே முழுமையான மதிப்பீடாகும்.

தமிழ்த் தளங்களில் நாம் சிறப்பாகக் கருதவேண்டியது ஒன்றுண்டு. அச்சிட்ட அறிவிப்பை ஒளிப்படியாக்கி அப்படியே தளத்தில் ஏற்றுவது பலர் வழக்கம். நம் கண்ணுக்கு அது எழுத்து; திரைவாசிப்பானுக்கோ வெறும் படம். அவ்வறிவிப்பு உதவித்தொகை பற்றியதாயின், பார்வையற்ற மாணவர் இறுதிநாள் கடந்தபின் பிறர் சொல்ல அறிய நேரும். அதே செய்தியை யூனிகோடு எழுத்தில் தட்டச்சிட்டு ஏற்றினால் இவ்விடர் நீங்கும்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பில் அணுகலையும் வலியுறுத்துகிறது. ஆகவே, இது இரக்கத்தால் இடும் ஈகையன்று. உரியவர்க்கு உரியதை வழங்குதலே ஆகும். நம் கல்லூரித் தளத்தின் வாயிலை மாணவர்கள் இன்றே ஒருமுறை கண்மூடித் தட்டிப் பார்ப்பார்களாக!