ஜிமிக்கி 450 ரூபாய், அனுப்பும் செலவு அதற்கும் மேலே

வெளிநாட்டிலிருந்து விசாரிக்கிறவர்களில் பாதிப் பேர் ஒரே இடத்தில் நின்றுவிடுவார்கள். படம் பிடித்திருக்கும், நிறம் பேசி முடித்திருப்போம், விலையிலும் பேரம் இருக்காது. அனுப்புகிற செலவைச் சொன்னதும் பதில் வராது. "அக்கா, ஜிமிக்கி 450 ரூபா. ஷிப்பிங் அதைவிட ஜாஸ்தியா? கையில எடுத்தா வெயிட்டே தெரியாதே!" என்று நியூஜெர்சியிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள். கேட்டதில் தப்பே இல்லை. அதே ஜிமிக்கியை மதுரையிலிருந்து சென்னைக்கு நூறு ரூபாய்க்குள் அனுப்பிவிடுகிறேன்.

நான் மதுரை பசுமலையில் சுடுமண் நகை செய்கிறேன். பதப்படுத்திய களிமண், கொலு பொம்மைக்குப் பேர்போன விளாச்சேரியிலிருந்து வருகிறது. வியாபாரம் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும்தான். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, பாரீஸ் என்று இருக்கிற நம் பெண்கள் நிறைய வாங்குகிறார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எடை. ஒரு ஜோடி ஜிமிக்கி இருபத்தைந்து கிராம் தேறும். ஆனால் சுட்ட மண் விழுந்தால் தெறித்துவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி, சின்ன நகைப் பெட்டியில் வைத்து, அதன் மேல் பபிள் ராப் இரண்டு சுற்றுச் சுற்றி, கெட்டி அட்டைப்பெட்டிக்குள் இறக்கி, நாலு பக்கமும் பேப்பர் திணித்து, டேப் ஒட்டி முடித்தால் தராசு 180 கிராம் காட்டும். ஜிமிக்கியைப் போல ஏழு மடங்கு. ஒட்டிய பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே துளி சத்தம் கேட்டாலும் பிரித்து மறுபடி கட்டுவேன். எத்தனை கைகள் மாறப்போகிற பெட்டி அது!

தனியார் கூரியரில் இந்த 180 கிராமும் செல்லாது. அவர்கள் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். என் பெட்டி 20, 15, 10. பெருக்கினால் 3000. வகுத்தால் 0.6 கிலோ. தராசு எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏறும் ரேட்டில் 0.6 என்பது ஒரு கிலோ ஆகிவிடும். இதை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். விமானத்தில் எடையைப் போலவே இடத்துக்கும் விலை உண்டு. ஆனால் உடையும் பொருளைச் செய்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு மிகவும் கனமானது. அதனால்தான் நான் அஞ்சலகத்தை விடுவதில்லை. அங்கே சின்னப் பொட்டலத்துக்குத் தராசு காட்டுவதே கணக்கு.

சரி, அஞ்சலகத்திலும் ஏன் இவ்வளவு? பெட்டி கடக்கும் வழியைப் பார்த்தால் புரியும். கவுண்டரில் பொருளின் பெயர், எடை, மதிப்பு எல்லாம் சுங்கப் படிவத்தில் ஏற வேண்டும். என் நகை, உலகம் முழுக்கப் பொதுவான சுங்கப் பட்டியலில் 7117 என்ற தலைப்பில், தங்கம் வெள்ளி அல்லாத இமிட்டேஷன் நகையாக வருகிறது. அங்கிருந்து சென்னையில் இருக்கும் வெளிநாட்டு அஞ்சல் அலுவலகம், சுங்கச் சோதனை, எக்ஸ்ரே, விமானம். இறங்கும் நாட்டில் இன்னொரு அஞ்சல் அலுவலகம், இன்னொரு சுங்கம். இப்போது பெட்டியின் விவரம் பெட்டிக்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் வழியாக அந்த நாட்டுக்குப் போயிருக்கவும் வேண்டும். கடைசியில் ஒரு தபால்காரர் நியூஜெர்சி எடிசனிலோ மலேசியாவின் பினாங்கிலோ ஒரு வீட்டுப் படியேறுகிறார். பெட்டி ஐம்பது கிராமானாலும் ஐந்நூறு கிராமானாலும் இந்த வேலைகளில் ஒன்றுகூடக் குறையாது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே மினிமம் சார்ஜ் விழுகிற மாதிரி, முதல் எடைப் படியிலேயே பெருந்தொகை போய்விடுகிறது. அதற்கு மேல் ஏறுவது கொஞ்சம்தான்.

இதில் இன்னொரு கணக்கு கண்ணுக்குத் தெரியாது. பணம் கட்டுவது மதுரையில், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அமெரிக்கத் தபால்காரர். அவர் கூலியை யார் கொடுப்பது? 1874இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் கூடி 22 நாடுகள் தொடங்கிய அமைப்புதான் இன்றைய உலக அஞ்சல் ஒன்றியம். இந்தியா 1876இல் சேர்ந்தது. அன்றைக்கு வைத்த ஏற்பாடு எளிமையானது. அனுப்பும் நாடே முழுப் பணத்தையும் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் ஒரு கடிதம் போனால் ஒரு பதில் வரும், சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். கடிதத்துக்குப் பதில் வரும். ஜிமிக்கிக்குப் பதில் ஜிமிக்கி வருமா? போக்கும் வரவும் சமமில்லாமல் போனபோது, 1969 டோக்கியோ மாநாட்டில், அனுப்பும் நாடு பெறும் நாட்டுக்குப் பட்டுவாடாக் கூலி தரவேண்டும் என்று முடிவானது. வளரும் நாடுகளுக்கு அதில் சலுகை கிடைத்தது.

அந்தச் சலுகை வரிசையில் சீனாவும் இருந்தது. அலிஎக்ஸ்பிரஸ் போன்ற தளங்களில் இரண்டு டாலர் பொருளுக்கு ஷிப்பிங் இலவசம் என்று போட்டிருந்ததே, நினைவிருக்கிறதா? அப்படிக் கொடுக்க முடிந்ததற்கு இந்தச் சலுகைக் கூலி ஒரு பெரிய காரணம். சீனாவின் ஷென்ஜெனிலிருந்து அமெரிக்க வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி வருவது, அமெரிக்காவின் ஒரு மாநிலத்திலிருந்து அடுத்த மாநிலத்துக்குப் போவதைவிட மலிவாக இருந்தது. உள்ளூர் வியாபாரிகள் கொதித்தார்கள். 2018 அக்டோபரில் ஒன்றியத்தைவிட்டே விலகப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் அவசர மாநாடு கூடி, 2020 ஜூலையிலிருந்து அமெரிக்கா தன் கூலியைத் தானே சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தார்கள். மற்ற நாடுகளுக்கும் அந்த வழி படிப்படியாகத் திறந்தது. இலவச ஷிப்பிங்குக்கு எப்போதும் யாரோ ஒருவர் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார். இப்போது பில் வாங்குகிறவர் கைக்கே வருகிறது.

அனுப்பும் செலவுக்கு விமானமும் ஒரு காரணம். தபாலில் பெரும்பகுதி பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில், பயணிகளின் பெட்டிகளோடு சேர்ந்து போவது. கொரோனாவுக்காக 2020 மார்ச் 23ஆம் தேதி இந்தியா சர்வதேசப் பயணிகள் விமானங்களை நிறுத்தியபோது எங்களுக்கு அது அடிவயிற்றில் தெரிந்தது. வழக்கமான சேவை முழுதாகத் திரும்ப 2022 மார்ச் ஆனது.

ஆனால் எங்களை உண்மையிலேயே முடக்கியது 2025தான். அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பொருளுக்கு இறக்குமதி வரி கிடையாது என்ற வரம்பு 2016இலிருந்து இருந்தது. அதற்கு முன் 200 டாலர். இப்படி வரியில்லாமல் 2015இல் சுமார் 13 கோடிப் பொட்டலங்கள் வந்துகொண்டிருந்தன. 2024 நிதியாண்டில் 130 கோடியைத் தாண்டிவிட்டன. பெரும்பாலானவை சீனாவின் பிரம்மாண்டமான ஆன்லைன் கடைகள் அனுப்பியவை. அவர்களைப் பிடிக்க, இந்த வரிச் சலுகையை எடுத்துவிட்டுப் போட்ட வலை முதலில் 2025 மே மாதம் சீனப் பொருள்கள் மேல் விழுந்தது. ஆகஸ்ட் 29ஆம் தேதி எல்லா நாட்டுப் பொருள்கள் மேலும் விழுந்தது.

வரியை யார், எப்படி வசூலித்துக் கட்டுவது என்பதே தெளிவாகவில்லை. விமான நிறுவனங்கள் தபால் பைகளை ஏற்ற மறுத்தன. 88 அஞ்சல் துறைகள் அமெரிக்காவுக்கான சேவையை முழுதாகவோ பாதியாகவோ நிறுத்தியதாக உலக அஞ்சல் ஒன்றியம் சொன்னது. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25இலிருந்து நிறுத்தியது. கடிதம், ஆவணம், 100 டாலர் வரையிலான அன்பளிப்பு இவை மட்டும் போகலாம் என்றார்கள், கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. "எடுக்கக் கூடாதுன்னு ஆர்டர் வந்திருக்கும்மா, நான் என்ன செய்ய?" என்று கவுண்டரில் இருந்தவர் பெட்டியை என் பக்கமே தள்ளினார். அவருக்கும் முகம் சுண்டித்தான் இருந்தது.

அந்தச் சமயம் எங்களுக்கு எப்படிப்பட்டது தெரியுமா? நவராத்திரி செப்டம்பர் 22ஆம் தேதி தொடங்கியது. கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கென்றே மொத்தமாகத் தோடு வாங்கும் வீடுகள் அமெரிக்காவில் உண்டு. ஆடியிலேயே மண் பிசைந்து, உமியும் வரட்டியும் போட்டுச் சுட்டு, வண்ணம் தீட்டி அடுக்கியிருந்தேன். சேவை மறுபடி தொடங்கியது அக்டோபர் 15. தீபாவளி 20ஆம் தேதி. ஐந்து நாளில் எந்தப் பொட்டலமும் போய்ச் சேராது. சேவை திரும்பியபோது, அறிவித்த மதிப்பில் 50 சதவீதம் வரியை இங்கேயே கட்டி அனுப்ப வேண்டும் என்று வந்தது. 450 ரூபாய் ஜிமிக்கிக்கு 225. அனுப்பும் செலவு அதற்குமேல் தனி. 130 கோடிப் பொட்டலத்தைத் தடுக்கப் போட்ட வலையில் விளாச்சேரி மண்ணும் சிக்கியது. பெரிய கடைக்கு அந்த நாட்டிலேயே கிடங்கு பிடித்துக் கப்பலில் மொத்தமாக இறக்க வழி உண்டு. வீட்டு முற்றத்தில் சுடுகிறவளுக்கு அஞ்சலகம் ஒன்றுதான் வழி.

ஐரோப்பாவிலும் இதே போக்கு. 22 யூரோ வரை மதிப்புக்கூட்டு வரி இல்லை என்ற சலுகை 2021 ஜூலை 1இல் போனது. 150 யூரோவுக்குக் குறைந்த பொட்டலங்களில் பொருள் வகைக்கு 3 யூரோ சுங்க வரி, 2026 ஜூலை 1 முதல், என்று 2025 டிசம்பரில் முடிவெடுத்தார்கள். பாரீஸில் இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்து அம்மா என்னிடம் வாங்குவார். ஒரு முறை பட்டுவாடாவின்போது அவரிடம் வாங்கிய தொகையில் வரியைவிட, வரியை வசூலித்துக் கொடுத்ததற்கான சேவைக் கட்டணம்தான் பெரிது. சின்னப் பொருளுக்கு எங்குமே இதுதான் நிலைமை. சிங்கப்பூர் இன்னும் பரவாயில்லை. 2023 ஜனவரியிலிருந்து 400 சிங்கப்பூர் டாலர் வரையிலான சின்னப் பொருளுக்கும் அங்கே ஜிஎஸ்டி உண்டு என்றாலும், அதை வசூலிக்க வேண்டியது பெரிய விற்றுமுதல் உள்ள வெளிநாட்டுக் கடைகள்தான். என்னைப் போன்றவர்களுக்கு அது பொருந்தாது.

நம் நாட்டுக்குள் வரும் பொருளுக்கும் கெடுபிடி உண்டு. 2019 டிசம்பர் 12 அறிவிப்பின்படி, ஆன்லைனில் வாங்கியதை அன்பளிப்பு என்று சொல்லித் தபாலிலோ கூரியரிலோ இறக்கக் கூடாது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. ராக்கியோடு வரும் பரிசுக்குக்கூட இல்லை.

வாங்குகிறவர்களிடம் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு. தனியாக ஒரு ஜோடி வாங்காதீர்கள். அக்கம்பக்கத்தில் தோழிகள் மூன்று, நான்கு பேர் சேர்ந்து ஒரே பெட்டியாகக் கேளுங்கள். முதல் படியின் பெருந்தொகை நான்காகப் பிரியும், மிச்சம் கிராமுக்கு ஏறுவது கொஞ்சம்தான். ஆர்டர் போடும் முன் பெட்டியின் அளவையும் கட்டிய எடையையும் விற்கிறவரிடம் கேளுங்கள். வரி உங்கள் வாசலில் வருமா, இங்கேயே கட்டிவிட்டாரா என்பதையும் கேளுங்கள். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள்.

"கிஃப்ட்னு போட்டு, விலையைக் குறைச்சு எழுதி அனுப்புங்கக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் செய்ய மாட்டேன். சுங்கத்தில் பிடித்தால் பொருளும் போகும், அனுப்பிய என் பெயரும் கெடும். வழியில் தொலைந்தால் இழப்பீடு கேட்கப் போகும்போது, படிவத்தில் எழுதிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.