அடைபட்ட இடங்களில் பணிப் பாதுகாப்புப் பயிற்சியும் பயிற்றுநர் தேர்வும்

அடைபட்ட இடம் என்பது ஓர் ஆள் உள்ளே இறங்கி வேலை செய்யும் அளவுக்குப் பெரியதாகவும், போய்வரும் வழி குறுகியதாகவும், மனிதர் தொடர்ந்து இருப்பதற்கென்று அமைக்கப்படாததாகவும் உள்ள இடமாகும். கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடையின் ஆள்நுழைவுக் குழி, ரசாயனக் கலன், கொதிகலனின் உட்புறம், கப்பலின் அடித்தொட்டி, சாயப்பட்டறையின் சுத்திகரிப்புத் தொட்டி, தானியம் சேமிக்கும் உயர்ந்த குதிர் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. தொழிற்சாலைகளில் ‘கன்ஃபைன்டு ஸ்பேஸ்’ என்ற பெயரே வழக்கில் உள்ளது.

இத்தகைய இடங்களில் நிகழும் விபத்துகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. முதலில் இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க ஒருவர் இறங்குவார். அவரைத் தேடி மூன்றாமவர் இறங்குவார். அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1986 இல் வெளியிட்ட எச்சரிக்கையில் குறிப்பிட்டது. உடன் வேலை செய்பவரைக் கைவிடக்கூடாது என்ற நல்லெண்ணமே இங்கு உயிரைப் பறிக்கிறது. அந்த உந்துதலைச் சில நொடிகள் தடுத்து நிறுத்திச் சரியான செயலைச் செய்ய வைப்பதுதான் இப்பயிற்சியின் முதல் வேலை. அதைக் கற்பிக்கத் தெரிந்தவர் யார் என்பது அதனாலேயே முக்கியமான கேள்வியாகிறது.

உள்ளே இருக்கும் காற்று

இயல்பான காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 20.9 விழுக்காடு உள்ளது. அது 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் ஆக்சிஜன் குறைந்த சூழல் என்றும், 23.5 விழுக்காட்டுக்கு மேலே போனால் மிகுந்த சூழல் என்றும் பாதுகாப்பு விதிகள் கொள்கின்றன. பின்னதில் துணியும் முடியும்கூட எளிதில் தீப்பற்றும். எனவே தொட்டிக்குள் காற்று ஏற்றுவதற்கு வெல்டிங் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜனைத் திறந்துவிடுவது கொடிய தவறாகும்.

ஆக்சிஜன் குறைவதற்கு நச்சுப்பொருள் எதுவும் வேண்டியதில்லை. மூடிக் கிடக்கும் இரும்புத் தொட்டியின் உட்சுவர் துருப்பிடிக்கும்போதே ஆக்சிஜன் செலவாகிவிடும். சேற்றில் வாழும் நுண்ணுயிரிகளும் அதையே செய்கின்றன. ரசாயன ஆலைகளில் தீ விபத்தைத் தவிர்க்க நைட்ரஜன் நிரப்பி வைத்த கலனில் ஒருவர் தலையை நீட்டினால், ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பக்கூடும். மூச்சுத் திணறல் என்ற முன்னறிவிப்பும் இராது. உடலுக்குத் திணறலை உணர்த்துவது கரியமில வாயு கூடுவதே அன்றி ஆக்சிஜன் குறைவது அன்று.

கழிவுநீர் சார்ந்த இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடு பெரும் எதிரி. மிகச் சிறிய அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை நெருங்கும்போது அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்கிறது. நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவர் ஆபத்து கூடியிருக்கும் நேரத்தில் இறங்குகிறார். இன்னொன்று, இந்த வாயு சேற்றுக்குள் அடைபட்டுக் கிடப்பது. மேலிருந்து அளக்கும்போது ஒன்றும் காட்டாத தொட்டி, மண்வெட்டியால் கிளறிய உடனே வாயுவைக் கக்கும். இறங்குவதற்கு முன் ஒருமுறை அளந்தால் போதாது, வேலை முடியும்வரை கருவி உடலோடு இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கிணற்றில் தூர் வாருவதற்கு முன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழக்கம் தமிழகச் சிற்றூர்களில் உண்டு. விளக்கு அணைந்தால் இறங்கமாட்டார்கள். அந்த அனுபவ அறிவு பொய்யானது அன்று; ஆக்சிஜன் ஏறத்தாழ 16 விழுக்காடாகக் குறையும்போது சுடர் அணைகிறது. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடோ கார்பன் மோனாக்சைடோ ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மீத்தேன் 5 விழுக்காட்டை எட்டிய இடத்தில் அதே விளக்கு வெடிப்பைத் தொடங்கி வைக்கும். பழைய வழக்கத்தைக் கேலி செய்யாமல், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று விளக்கும் பயிற்றுநரின் பேச்சு தொழிலாளரிடம் எளிதில் நிற்கும்.

பயிற்சியின் உள்ளடக்கம்

நல்ல பயிற்சி எப்படி இறங்குவது என்பதிலிருந்து தொடங்குவதில்லை. ஆள் இறங்கித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வியிலிருந்து தொடங்கும். நீரைப் பீய்ச்சிக் கழுவுதல், உறிஞ்சு லாரி, கேமரா, நீண்ட கைப்பிடிக் கருவிகள் ஆகியவற்றால் வெளியிலிருந்தே முடிக்கக்கூடிய வேலைக்கு ஆளை இறக்கப் பயிற்சி தருவது பாதுகாப்பு ஆகாது. குறிப்பாக இந்தியாவில் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் உரிய பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2014 இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், அத்தொகையை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது.

இறங்குவது தவிர்க்க முடியாதது என்று முடிவானபின், பயிற்சி ஆளுக்கு ஆள் வேறுபட வேண்டும். உள்ளே போகிறவர் கருவியைப் படிக்கவும், எச்சரிக்கை ஒலி கேட்டதும் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு வெளியேறவும் பழக வேண்டும். வெளியே நிற்கும் காவலாளுக்கு அதைவிடக் கடினமான பாடம் உண்டு: என்ன நடந்தாலும் அவர் உள்ளே போகக்கூடாது, இடத்தை விட்டு நகரவும் கூடாது. முக்காலியில் பொருத்திய கயிற்று உருளையைச் சுழற்றி, உடல்வாரோடு இணைந்த ஆளை மேலே இழுப்பதே அவருடைய மீட்புப் பணி. அனுமதிச் சீட்டில் கையொப்பமிடும் மேற்பார்வையாளர் குழாய்களை அடைத்துத் துண்டிப்பது, மின் இணைப்பைப் பூட்டிட்டு நிறுத்துவது, காற்றோட்டம் ஆகியவற்றைச் சரிபார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இவர்கள் அனைவரையும் ஒரே அரங்கில் உட்கார வைத்து ஒரே படக்காட்சியைக் காட்டுவது நடைமுறையில் பரவலாக உள்ளது. அதில் யாருக்கும் தத்தம் வேலை பிடிபடுவதில்லை.

வாயு அளப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, பிறகு நச்சு வாயு. எரிவாயுவை உணரும் பொதுவான உணரிகள் ஆக்சிஜன் இருந்தால்தான் சரியாக இயங்கும் என்பதால், ஆக்சிஜன் அளவு தெரியாமல் அடுத்த எண்ணை நம்ப முடியாது. மீத்தேன் காற்றைவிட இலேசானது, ஹைட்ரஜன் சல்பைடு கனமானது. எனவே மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் அளக்க வேண்டும். முகத்தில் கட்டும் துணியும் தூசு முகமூடியும் இங்கு எந்தப் பயனும் தராது. வடிகட்டி முகமூடி காற்றிலுள்ள நஞ்சை நீக்கலாம். இல்லாத ஆக்சிஜனைத் தர அதனால் இயலாது.

சட்டம் கூறுவது

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948 ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவு 36 அடைபட்ட இடங்களைப் பற்றியது. தகுதி வாய்ந்த ஒருவர் தாமே சோதித்து, இடம் ஆபத்தான வாயுவிலிருந்து விடுபட்டுள்ளது என்று எழுத்தில் சான்று தர வேண்டியிருந்தது. இல்லையெனில் இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றோடு இணைந்த வார் கட்டியிருக்க வேண்டியிருந்தது. ‘தாமே சோதித்து’ என்ற சொற்கள் கவனிக்கத்தக்கவை. அலுவலகத்தில் அமர்ந்தபடி சீட்டில் கையொப்பமிடுவதற்கு அதில் இடம் இருக்கவில்லை. பிரிவு 36-அ அங்கு பயன்படுத்தும் கைவிளக்கின் மின்னழுத்தம் 24 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்றது.

1987 திருத்தத்தால் சேர்ந்த பிரிவு 111-அ, பாதுகாப்புப் பயிற்சியைத் தொழிலாளரின் உரிமையாகவே கூறியது. ஆலைக்குள்ளேயோ, தலைமை ஆய்வாளர் ஏற்பளித்த பயிற்சி நிலையத்துக்கு நிர்வாகச் செலவில் அனுப்பப்பட்டோ அவர் பயிற்சி பெறலாம் என்றது. இச்சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றாக்கித் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணி நிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2020 இல் இயற்றியது. அமெரிக்காவில் 1993 முதலும் பிரிட்டனில் 1997 முதலும் அடைபட்ட இடங்களுக்கெனத் தனி விதிமுறைகள் உள்ளன.

பயிற்றுநரைத் தேர்ந்தெடுத்தல்

சான்றிதழைப் பார்ப்பது அவசியம். ஆனால் எந்தச் சான்றிதழ் எதைச் சொல்கிறது என்று அறிந்து பார்க்க வேண்டும். இந்தியாவில் மும்பையிலுள்ள மத்திய தொழிலாளர் நிறுவனமும் சென்னை முதலிய நகரங்களிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனங்களும் தொழிற்பாதுகாப்பில் ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகின்றன. அது பாதுகாப்பு அலுவலர் பணிக்குரிய தகுதி. அதைப் பெற்றவர் சட்டமும் ஆபத்து மதிப்பீடும் நன்கு அறிந்திருப்பார். ஆனால் முக்காலியைக் கட்டி ஆளை மேலே இழுத்துப் பழகியிருப்பார் என்று அது உறுதி கூறுவதில்லை. வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் பெரிதும் நாடும் பிரிட்டனின் ‘நெபோஷ்’ பொதுச் சான்றிதழும் மேற்பார்வை அறிவைச் சோதிப்பதே. அமெரிக்க ‘ஓஷா’வின் 10 மணி, 30 மணி நேர வகுப்புகளுக்குத் தரும் அட்டை அறிமுக வகுப்பில் கலந்துகொண்டதைக் காட்டுகிறது. குறிப்பிட்ட விதிமுறைகள் கோரும் பயிற்சிக்கு அது மாற்றாகாது என்று அந்த அமைப்பே தெரிவித்துள்ளது. இந்த அட்டையைக் காட்டி எல்லாத் துறைகளிலும் பயிற்றுநராக வருபவரிடம் எச்சரிக்கை தேவை.

சான்றிதழுக்கு அப்பால் சில கேள்விகள் ஆளை விரைவில் அடையாளம் காட்டும். வகுப்புக்கு முன் ஆலைக்கு வந்து, ஆட்கள் இறங்கவிருக்கும் அதே தொட்டியைப் பார்க்க விரும்புகிறாரா? தம் வாயு அளவுகருவியைக் கொண்டு வருகிறாரா? தெரிந்த அளவுள்ள சோதனை வாயுவைச் செலுத்தி உணரி வேலை செய்கிறதா என்று வகுப்பிலேயே பார்த்துக் காட்டுகிறாரா? இதைச் செய்யாமல் கருவியின் திரையில் தெரியும் எண்களை மட்டும் விளக்குபவர், பழுதான கருவியை நம்பும் பழக்கத்தையே கற்றுத்தருகிறார். ஒரு வகுப்பில் எத்தனை பேரை ஏற்பார் என்பதும் முக்கியம். அறுபது பேருக்கு ஒரு முக்காலி என்றால் கயிற்றைத் தொட்டவர் ஐந்தாறு பேர்தான். தேறாதவருக்குச் சான்று மறுத்ததுண்டா என்றும் கேட்கலாம். வந்த எல்லோரும் தேறினார்கள் என்பது பெருமைக்குரிய பதில் அன்று.

மொழி இன்னொரு தடை. தமிழகத் தொழிற்பேட்டைகளில் தொட்டி கழுவும் ஒப்பந்தப் பணியில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தவர் பலர் உள்ளனர். தமிழும் ஆங்கிலமும் கலந்த வகுப்பில் அவர்கள் தலையாட்டிவிட்டுக் கையொப்பமிடுவார்கள். அவர்கள் மொழியில் பேசக்கூடிய பயிற்றுநர் கிடைக்காவிட்டால், அவர்களில் அனுபவமுள்ள ஒருவரை முன்னரே பயிற்றுவித்து உடன் நிறுத்திக்கொள்வது பலன் தரும். ‘கருவி கத்தினால் என்ன செய்வாய், செய்து காட்டு’ என்று கேட்டு மதிப்பிடுவது, எழுத்துத் தேர்வைவிட இவர்களுக்குப் பொருந்தும்.

வெளியாளா, ஆலையின் மூத்த தொழிலாளியா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. மூத்த ஃபிட்டருக்கு எந்தக் குழாய் எங்கே கசியும் என்று தெரியும். ஆனால் இருபது ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை என்ற துணிச்சலையும் அவர் சேர்த்தே கற்பித்துவிடக்கூடும். வெளிப் பயிற்றுநர் அளவுகளையும் மீட்பு முறையையும் கற்பிக்க, உள்ளூர் மூத்தவர் அந்தந்தத் தொட்டியின் குணத்தைச் சொல்ல, இருவரும் சேர்ந்து நடத்துவது நடைமுறையில் சிறந்தது.

பயிற்சிக்குப் பின்

மீட்புப் பயிற்சி விரைவில் மறக்கக்கூடியது. அமெரிக்க விதிமுறை, மீட்புக் குழுவினர் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் பொம்மையையோ ஆளையோ உண்மையான அல்லது அதை ஒத்த இடத்திலிருந்து வெளியே எடுத்துப் பழக வேண்டும் என்கிறது. முன்னறிவிப்பின்றி நடத்தும் ஒத்திகையில் காவலாள் என்ன செய்கிறார் என்று பார்ப்பது, பயிற்றுநரின் வேலையை அளக்கும் நேரடி வழி. பொம்மை விழுந்ததும் அவர் ஏணியில் கால் வைத்தால், அவருக்கு அந்த வகுப்பை மறுபடியும் நடத்த வேண்டும்.