திருக்கல்லறை ஆலயமும் நம் திருப்பயணிகளும்

நம் சபைகளிலிருந்து எருசலேமுக்குச் சென்று வருவது முன்னர் வசதி படைத்த சிலருக்கே இயன்ற செயலாயிருந்தது. அந்நிலை மாறிவிட்டது. தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டில் இப்பயணத்திற்கு உதவித்தொகை அறிவித்த பின்னர்ச் சிற்றூர்ச் சபையினரும் குழுக்களாகச் செல்லத் தொடங்கினர். இக்குழுக்களுக்குத் தலைமை தாங்குகிறவர் பெரும்பாலும் ஒரு போதகரே. திருநாட்டின் நிலவியலை அவர் வகுப்பில் சிறிது கற்றிருப்பார். ஆனால் அங்கு நிற்கும் ஆலயங்களைப் பற்றி நம் இறையியற் கல்வி அவருக்கு ஏறக்குறைய எதுவும் கற்பிப்பதில்லை. இதன் விளைவைத் திருக்கல்லறை ஆலயத்தில் மிகத் தெளிவாகக் காணலாம்.

அவ்வாலயம் நம் மக்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றத்தையே தருகிறது. ஊருக்குப் புறம்பே ஒரு குன்றை எதிர்நோக்கிச் செல்கிறவர்கள், கடைத்தெருவின் இடுக்கு வழியே ஒரு சிறு முற்றத்தை அடைகின்றனர். உள்ளே இருள், தூபப்புகை, எண்ணெய் விளக்குகள், பல மொழிகளில் எழும் பாடல்கள். வாயிலுக்கு நேரே தரையில் ஒரு செந்நிறக் கற்பலகை உள்ளது. ஆண்டவரின் உடலுக்கு நறுமணப் பொருள்களிட்ட இடம் அது என்பது மரபு. இப்போதுள்ள பலகை 1810ஆம் ஆண்டுப் புதுப்பித்தலின்போது வைக்கப்பட்டது. அதன்மேல் பயணிகள் கைக்குட்டைகளைத் தேய்த்து எடுக்கின்றனர். வலப்பக்கம் செங்குத்தான படிகளில் ஏறினால் கொல்கொதா. பாறையைக் கண்ணாடி வழியே காண வேண்டும். கல்லறைமேல் எழுப்பப்பட்ட சிற்றாலயத்தினுள் நுழைய நெடுநேரம் வரிசையில் நின்றால், உள்ளே நிற்கக் கிடைப்பது சில கணங்களே.

பின்னர் இதே குழுவினர் தமஸ்கு வாசலுக்கு வெளியேயுள்ள தோட்டக் கல்லறைக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். அங்கே மரநிழல், மலர்ச்செடிகள், அமர்ந்து பாட இருக்கைகள், திருவிருந்து ஆசரிக்க இடம் யாவும் உண்டு. பாறையில் வெட்டப்பட்ட கல்லறை வெறுமையாய்த் திறந்து கிடக்கிறது. மண்டையோட்டை ஒத்த குன்றும் அருகில் தெரிகிறது. 'இதுதான் உண்மையான இடமாயிருக்க வேண்டும்' என்று மக்கள் கூறுகின்றனர். அழைத்துச் சென்ற போதகரும் மறுப்பதில்லை.

மறுக்க வேண்டும் என்பதே நம் கருத்து. தோட்டக் கல்லறை செபத்திற்கு ஏற்ற இடம் என்பதில் ஐயமில்லை. அதனைப் பேணி வருவோரின் அன்பான விருந்தோம்பலும் போற்றத்தக்கதே. ஆனால் அதன் உரிமைக் கோரிக்கை 19ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டதன்று. மண்டையோட்டுக் குன்றே கொல்கொதா என்ற கருத்தை 1842இல் ஜெர்மானியரான ஓட்டோ தேனியஸ் முன்வைத்தார். 1883இல் எருசலேமில் தங்கியிருந்த ஆங்கிலத் தளபதி கார்டன் அதனைப் புகழ்பெறச் செய்தார். 1894இல் இலண்டனில் அமைந்த ஒரு சங்கம் அவ்விடத்தைப் பேணும் பொறுப்பை ஏற்றது. தொல்லியலறிஞர் கபிரியேல் பர்கே அக்கல்லறையின் அமைப்பை அண்டைக் கல்லறைகளோடு ஒப்பிட்டு ஆய்ந்து, அது கி.மு. 8 அல்லது 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என 1986இல் எழுதினார். எசேக்கியாவின் காலத்தை ஒட்டி வெட்டப்பட்ட கல்லறை யோவான் 19:41 கூறும் புதிய கல்லறையாயிருத்தல் இயலாது.

இனி, இருளும் இரைச்சலுமான அந்த ஆலயத்திற்கு வருவோம். அதற்கு எதிராக நம்மவர் எழுப்பும் முதல் தடை, அது நகர மதிலுக்குள்ளே இருக்கிறது என்பதாகும். எபிரெயர் 13:12 ஆண்டவர் வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்கிறதே! தடை நேர்மையானதுதான். ஆனால் இன்று நாம் காணும் மதில் 16ஆம் நூற்றாண்டில் துருக்கிய சுல்தான் சுலைமான் கட்டியது. ஆலயம் நிற்கும் பகுதியை நகரோடு சேர்த்த மதிலோ கி.பி. 41-44இல் ஆண்ட முதலாம் ஏரோது அகிரிப்பாவின் காலத்தது. அதாவது சிலுவைப்பாட்டிற்குச் சில ஆண்டுகள் பிந்தியது. இதில் நம் லூத்தரன் சகோதரருக்கும் ஒரு பங்கு உண்டு. திருக்கல்லறை ஆலயத்தின் அண்டையில் 1898இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட மீட்பர் ஆலயத்தின் கட்டுமானப் பணியின்போது ஒரு பழைய மதில் வெளிப்பட்டது. அதனை இயேசுவின் காலத்து நகர மதிலெனப் பலரும் நம்பினர். 1970களில் அவ்வாலயத்தின் தளத்திற்குக் கீழே நடந்த அகழாய்வு, அம்மதில் பிற்காலத்தது என்றும், அதன் அடியில் இருப்பது ஒரு பழைய கல்வெட்டுக் குழி என்றும் காட்டிற்று. அப்பகுதி முழுவதும் மதிலுக்கு வெளியே கல் வெட்டி எடுக்கப்பட்டுக் கைவிடப்பட்ட நிலமாயிருந்தது. கொல்கொதாப் பாறை, வெட்டுவோர் ஒதுக்கிவிட்ட பிளவுற்ற பாறையின் எச்சமே.

அந்நிலம் இடுகாடாகவும் பயன்பட்டது. கல்லறைச் சிற்றாலயத்தின் பின்புறம் சுரியானித் திருச்சபையாரின் சிற்றறை ஒன்று உள்ளது. அதிலிருந்து தாழ்ந்த வாயில் வழியே குனிந்து நுழைந்தால், பாறையில் நீளவாக்கில் குடையப்பட்ட யூதர் கல்லறைகளைக் காணலாம். இவை முதல் நூற்றாண்டு வழக்கப்படி அமைந்தவை. நகருக்குள் யூதர் பிணம் புதைப்பதில்லை. ஆகவே இக்குழிகள் வெட்டப்பட்டபோது இவ்விடம் நகரன்று. பயணிகளுள் பெரும்பாலோர் இவற்றைக் காணாமலே திரும்புகின்றனர். 2022இல் ஆலயத் தளத்தைப் பழுதுபார்க்கத் தொடங்கியபின் நடைபெற்ற அகழாய்வில், ஒலிவ மரத்திற்கும் திராட்சைக்கும் உரிய தாவரத் தடயங்கள் கிடைத்ததாக உரோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் அறிவித்தனர். கைவிடப்பட்ட கல்வெட்டுக் குழியில் மண் நிரம்பித் தோட்டமாயிற்று போலும்.

கி.பி. 135க்குப் பின் பேரரசன் ஆதிரியான் எருசலேமை உரோமானிய நகராக அமைத்தபோது, இவ்விடத்தில் ஒரு கோயில் எழுந்தது. அது வீனஸ் தேவியின் கோயில் என்கிறார் யூசேபியு. பேரரசன் கான்ஸ்டன்டைனின் ஆணைப்படி, ஆயர் மக்காரியு முன்னின்று அதனை இடித்து மண்ணை அகற்றச் செய்தார், கல்லறை வெளிப்பட்டது, 335இல் ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. இடத்தைக் கற்பனையாகத் தெரிவுசெய்ய எண்ணியிருந்தால், நகரின் நடுவில் பெருங்கட்டடத்தின் அடியில் தேடியிருக்க மாட்டார்கள். ஊருக்கு வெளியே வேறு கல்லறைகள் எத்தனையோ இருந்தன. உள்ளூர்ச் சபையின் நினைவே அவர்களை அங்கு கொண்டு சென்றது எனக் கொள்வது பொருந்தும். இது நிரூபணமன்று, வலிமையான சாத்தியமே. இராணி ஹெலேனா சிலுவையைக் கண்டெடுத்த கதையோ வேறு. யூசேபியு அதனைக் கூறவில்லை. 395இல் அம்புரோசின் உரையில்தான் அதனைக் காண்கிறோம். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து மக்களுக்குச் சொல்லுதல் தகாது.

ஆலயம் தோன்றி அரை நூற்றாண்டிற்குள் அங்குச் சென்ற எகேரியா என்னும் பெண் தன் சகோதரிகளுக்கு எழுதிய குறிப்புகள் கிடைத்துள்ளன. ஒலிவ மலையிலிருந்து சிறுவர் கிளைகளேந்தி ஆயரோடு இறங்கி வந்ததை அவர் விவரிக்கிறார். நம் சபைகள் குருத்தோலை ஞாயிறன்று நடத்தும் பவனியின் ஊற்று அதுவே. ஆயர் கிரேக்கத்தில் பேச, அது சுரியானியில் மொழிபெயர்க்கப்பட்டது என்றும் எழுதுகிறார். சிலுவை மரத்தை முத்தமிட வந்த ஒருவன் அதில் ஒரு துண்டைக் கடித்தெடுத்துச் சென்றதால், உதவிக்காரர் காவல் நின்றனராம்! அதே காலத்தில் எருசலேமைக் கண்டு திரும்பிய நிசாவின் கிரெகொரி, இடம் மாறுவதால் மனிதன் கடவுளை நெருங்குவதில்லை எனத் திருப்பயணத்தையே மறுத்து எழுதினார். ஆகவே திருப்பயணத்தைக் குறித்த ஐயம் லுத்தரோடு பிறந்ததன்று. பயணத்திற்கு ஒத்த வயது அதற்கும் உண்டு.

பிற்கால வரலாற்றைச் சுருக்கிச் சொல்லலாம். 614இல் பாரசீகர் எரித்தனர். 1009இல் எகிப்தின் கலீபா அல்-ஹாக்கிம் இடிக்கச் செய்தபோது, கல்லறைப் பாறையே பெரும்பாலும் உடைக்கப்பட்டது. 1048 அளவில் பைசாந்தியப் பேரரசு ஒருவாறு புதுப்பித்தது. 1099இல் சிலுவைப் போர் வீரர் நகர மக்களைக் கொன்று குவித்துவிட்டு இவ்வாலயத்தில் நன்றி செலுத்தினர். நாம் இன்று காணும் கட்டடத்தின் பெரும்பகுதி 1149இல் அவர்கள் பிரதிஷ்டை செய்ததே. 1187இல் நகரைக் கைப்பற்றிய சலாதீன் ஆலயத்தை இடிக்கவில்லை. 1808இல் தீ. 2016இல் கல்லறையின் பளிங்கு மூடி பழுதுபார்ப்பிற்காக நீக்கப்பட்டபோது, அடியில் பாறைப் படுக்கை எஞ்சியிருத்தல் தெரிந்தது. அங்கு எடுத்த சாந்து 4ஆம் நூற்றாண்டினது எனக் கணிக்கப்பட்டது.

எஞ்சியிருக்கும் இந்த ஆலயத்தைக் கிரேக்க மரபுத் திருச்சபை, உரோமரின் சார்பில் பிரான்சிஸ்கு சபையார், ஆர்மீனியர், கோப்தியர், சுரியானியர், எத்தியோப்பியர் ஆகியோர் பங்கிட்டுள்ளனர். எவருக்கு எந்தத் தூண், எந்த விளக்கு, எந்த வேளை என்பதை 1852இல் துருக்கிய சுல்தானின் ஆணை அன்றிருந்தபடியே உறையச் செய்தது. ஒருவர் ஓரிடத்தைப் பழுதுபார்த்தால் அது உரிமை கோருவதாகும். ஆகவே பலவிடங்களை எவரும் தொடுவதில்லை. முன் கூறிய சுரியானியர் சிற்றறையின் கரி படிந்த சுவர்கள், அவர்களுக்கும் ஆர்மீனியருக்கும் இடையேயுள்ள வழக்கால் அப்படியே நிற்கின்றன. முகப்புச் சாளரத்தின் கீழ் ஒரு மர ஏணி 18ஆம் நூற்றாண்டுச் சித்திரங்களிலும் காணப்படுகிறது. எத்தியோப்பியத் துறவியர் ஆலயத்தின் மேல்தளத்தில் குடிசை போன்ற அறைகளில் வாழ்கின்றனர். 2002இல் அங்கே காவலிருந்த கோப்தியத் துறவி நிழலுக்காக நாற்காலியை நகர்த்தியதில் கைகலப்பு மூண்டு பலர் காயமுற்றனர். 2008இல் ஆர்மீனியரும் கிரேக்கரும் கல்லறையருகே அடித்துக்கொண்டனர். திறவுகோலைக் காப்பவரும் கதவைத் திறப்பவரும் இரு இசுலாமியக் குடும்பத்தினர். கிறிஸ்தவர் தமக்குள் சண்டையிடுவதால்தான் இந்த ஏற்பாடு என வழிகாட்டிகள் சொல்லிச் சிரிப்பார்கள். அது முழு விளக்கமன்று. ஆண்ட அரசுகள் வாயிலைத் தம் பிடியில் வைத்துப் பல நூற்றாண்டுகள் பயணிகளிடம் கட்டணம் பெற்றுவந்தன.

இச்சண்டைகளில் நமக்குப் பங்கில்லை எனப் பெருமை கொள்ளும் நம்மவர் உண்டு. பங்கில்லாமைக்குக் காரணம் நம் தூய்மையன்று. நாம் பிந்தி வந்தோம், அவ்வளவே. ஆங்கிலத் திருச்சபையும் பிரஷ்யத் திருச்சபையும் கூடி எருசலேமில் ஓர் ஆயரை ஏற்படுத்தியது 1841இல். பங்கீடோ அதற்குள் முடிந்திருந்தது. அந்தக் கூட்டு ஆயர் பதவியும் 1886இல் முறிந்தது. நம் நாட்டில் ஒன்றிப்பைப் பற்றி உலகிற்கே எடுத்துக்கூறிய சபைகள், மனைக்கும் பள்ளிக்கும் பதவிக்கும் நீதிமன்றங்களில் நிற்பதை அறிந்த எவரும் அந்த ஏணியைக் கண்டு நகைப்பது கடினம். மறுபுறம், கிரேக்கத் திருச்சபை தன் பொறுப்பிலுள்ள ஆபிரகாம் சிற்றாலயத்தில் ஆங்கிலத் திருச்சபையார் திருவிருந்து ஆசரிக்க 19ஆம் நூற்றாண்டிலேயே இடமளித்ததையும் நாம் மறத்தலாகாது.

பெயரிலும் ஒரு செய்தி அடங்கியுள்ளது. மேலைத் திருச்சபை இதனைத் திருக்கல்லறை ஆலயம் என்கிறது. கீழைத் திருச்சபைகளுக்கு இது தொடக்கமுதலே அனஸ்தாசிஸ், அதாவது உயிர்த்தெழுதல் ஆலயம். லூக்கா 24:5ஐச் சொல்லி மக்களை விரைவாக வெளியே அழைத்துவரும் போதகர், அவ்வசனத்தின் அறிக்கையையே இவ்வாலயம் பெயராகத் தாங்கியிருப்பதை அறியாதிருக்கலாம்.

குழுவை அழைத்துச் செல்வோர், கூட்டம் சேருமுன் அதிகாலையில் செல்லுதல் நன்று. முதலில் சுரியானியர் சிற்றறைக்குச் சென்று, கைவிளக்கின் ஒளியில் அக்குழிகளைக் காட்டி, யோவான் 19:38-42ஐ அங்கேயே தமிழில் வாசிக்கலாம். ஞாயிறு காலையாயின் அவ்வறையில் சுரியானியர் வழிபாடு நடைபெறும். மலங்கரைச் சபைகளில் நாம் கேட்டிருக்கும் அதே மொழிதான். அது முடியுமட்டும் காத்து நின்று, அதன் பின்னர் வரிசையில் சேரலாம்.