தாடை ஏன் 'டக்' என்று சொடுக்குகிறது?

கொட்டாவி விடும்போது காதோரம் 'டக்' என்று சத்தம் கேட்கிறதா? காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். முதலில் உருண்டு, பிறகு முன்னோக்கிச் சறுக்கும் ஓர் எலும்பு தட்டுப்படும். அதுதான் கீழ்த்தாடையின் தலை.

அந்தத் தலைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே வளைந்துகொடுக்கும் சிறு தட்டு ஒன்று உண்டு, குடம் சுமப்பவர் தலையில் வைக்கும் சும்மாடு போல. தாடை நகர்ந்தால் தட்டும் கூடவே நகர வேண்டும். சிலருக்கு அது முன்பக்கம் நழுவியிருக்கும். வாயைத் திறக்கும்போது எலும்பு அதன்மேல் தாவி ஏறுகிறது. அந்தத் தாவல்தான் 'டக்'!

1934-இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், பல் இழந்து கடி மாறுவதே இந்தக் காதோரத் தொல்லைகளுக்குக் காரணம் என்றார். கடியைச் சரிசெய்வதாக எண்ணி, பலருடைய நல்ல பற்களைக்கூடப் பின்னாளில் ராவினார்கள். வருத்தமான விஷயம்.

பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. வலியே இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தட்டு நழுவியிருந்தது!

ஆகவே வலியில்லாத சத்தத்துக்குச் சிகிச்சை தேவையில்லை. வலித்தால்? மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி. பெரும்பாலோருக்கு இவையே போதும். வாய் திடீரென்று இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்க மறுத்தால், தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.