தண்ணீர் சுமந்தவர்களின் ஊர்

ஞாயிறு பள்ளிக்குப் போனவர்களுக்குக் கிபியோன் என்றதும் சூரியன் நினைவுக்கு வரும். இஸ்ரவேலரின் தலைவர் யோசுவாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அது அந்த ஊருக்கு மேலே நின்ற கதை அப்படி. எனக்குப் பிடித்தது பைபிளில் அதற்கு முந்தைய அத்தியாயம். கிபியோன்காரர்கள் கானான் தேசத்து ஏவியர் குலத்தவர். எரிகோவும் ஆயியும் விழுந்த செய்தி கேட்டதும், பிய்ந்த செருப்பு, ஒட்டுப்போட்ட துருத்தி, பூசணம் பூத்த அப்பம் சகிதம் ஏதோ தூர தேசத்திலிருந்து வருகிறவர்களைப் போல யோசுவாவிடம் வந்து நிற்கிறார்கள்; சமாதான உடன்படிக்கையும் வாங்கிவிடுகிறார்கள். மூன்றே நாளில் குட்டு உடைகிறது. ஆணையிட்டுக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்பதால் உயிர் தப்புகிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் வேண்டும் என்று தண்டனை.

எருசலேமுக்கு வடமேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள அல்-ஜிப் என்ற பாலஸ்தீனக் கிராமம்தான் அந்த ஊர். 1838-இல் அந்தப் பக்கம் பயணம் செய்த அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன், பெயர் ஒற்றுமையையும் இருப்பிடத்தையும் வைத்து அப்படிச் சொன்னார். உறுதியான சான்று கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1956-இல், மேற்குக் கரை ஜோர்டானிடம் இருந்த காலத்தில், பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் ப்ரிட்சார்ட் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். மண்ணிலிருந்து உடைந்த ஜாடிகளின் கைப்பிடிகள் வந்தன. அவற்றில் பழைய எபிரேய எழுத்தில் கிபியோன் என்று கீறியிருந்தது. கூடவே அனனியா, அமரியா என்று ஆட்பெயர்கள். சரக்குக்கு ஊர் முத்திரையும் உடையவர் பெயரும் போட்டு அனுப்பிய வியாபாரிகளின் வேலை அது.

ஆனால் அந்த மலையில் ஆளை அசத்துவது குளம்தான். சுண்ணாம்புப் பாறையை வட்டமாக வெட்டி இறக்கியிருக்கிறார்கள். குறுக்கே சுமார் 11.8 மீட்டர், ஆழம் 10.8 மீட்டர். சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டே படிகள் இறங்குகின்றன. படியோரக் கைப்பிடிச் சுவரைக்கூடத் தனியாகக் கட்டவில்லை, பாறையிலேயே விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். தரை வந்துவிட்டது என்று நினைத்தால், படிக்கட்டு அதையும் குடைந்துகொண்டு நிலத்தடி நீர் இருக்கும் அறை வரை போகிறது. மொத்தம் 79 படிகள். அப்புறப்படுத்திய கல் 3,000 டன் இருக்கும் என்பது கணக்கு. இரும்புக் கருவி அரிதாக இருந்த காலத்து வேலை.

இது போதாதென்று பக்கத்திலேயே இன்னொரு வழி. ஊர் மதிலுக்குள்ளிருந்து, மலையடிவார ஊற்றுக்குப் பாறை வழியாக 93 படிகளில் ஒரு சுரங்கப் பாதை. எதிரி வந்து முற்றுகையிட்டாலும் மதிலைத் தாண்டாமல் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே விளக்கு வைக்க மாடங்கள் உண்டு. குடம் சுமந்தவர்கள் ஏறி இறங்கியதில் படிகள் தேய்ந்து கிடந்தன.

திராட்சை ரசம் பெரிய தொழில். சிறிய வாயும் அகன்ற வயிறுமாகப் பாறையில் குடைந்த 63 நிலவறைகளை ப்ரிட்சார்ட் கண்டுபிடித்தார். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே 18 டிகிரி அளவில் குளிர்ச்சி நிற்கும். ஏறக்குறைய 95,000 லிட்டர் ரசம் சேமிக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுக் காலத்துச் செழிப்பு இது. இன்று அங்கே இருப்பது முஸ்லிம் கிராமம், ரசத்துக்கு வேலையில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. யோசுவா கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு அங்கே சில கல்லறைகள் கிடைத்தனவே தவிர, பெரிய நகரம் எதுவும் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் ஆலய வேலைக்குத் தண்ணீர் சுமந்த ஒரு கூட்டத்தாருக்கு 'ஏன் இப்படி' என்று காரணம் சொல்ல எழுந்த கதையாக இருக்கலாம் என்பதே என் எண்ணம். பாறையைப் பார்த்தால், தண்ணீர் விஷயத்தில் இந்த ஊர்க்காரர்கள் கைதேர்ந்தவர்களாகத் தெரிகிறார்கள்.

1967 போரில் அல்-ஜிப் இஸ்ரேலின் பிடிக்குள் போனது. அதே ஆண்டு வந்த 158-ஆம் எண் ராணுவ ஆணையின்படி, மேற்குக் கரையில் பாலஸ்தீனர்கள் அனுமதி இல்லாமல் புதுக் கிணறு வெட்ட முடியாது. மலையையே குடைந்து நீரைத் தொட்ட ஊருக்கும் அதே சட்டம்தான். சுற்றிலும் குடியேற்றங்கள் எழும்பின. அவற்றில் ஒன்று பழைய ஊரின் பெயரையே சூட்டிக்கொண்டு 'புதிய கிவோன்' ஆயிற்று. 2002-இல் தொடங்கிய பிரிப்புச் சுவர், அல்-ஜிப்பையும் பீர் நபாலா உள்ளிட்ட பக்கத்து ஊர்களையும் சுற்றி வளைத்துவிட்டது. வெளியே போக ராமல்லா பக்கம் சுரங்கச் சாலை உண்டு. கூப்பிடு தூரத்து எருசலேமுக்குப் போகத்தான் அனுமதிச் சீட்டு வேண்டும். இத்தனைக்கும், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் நெகேமியா எருசலேமின் மதிலைப் பழுதுபார்த்தபோது, அந்த வேலையைச் செய்தவர்களில் கிபியோன்காரர்களும் இருந்ததாகப் பைபிளில் அவர் பெயரிலுள்ள நூல் சொல்கிறது.

புனிதப் பயணம் போகிறவர்கள் சாமுவேல் தீர்க்கதரிசியின் கல்லறை என்று காட்டப்படும் நபி சம்வில் மலைக்குப் போனால், வடக்கே திரும்பிப் பாருங்கள். எதிரே தெரியும் குன்றுதான் கிபியோன். உங்களை அழைத்துப் போகிறவர் சூரியன் நின்ற கதையைச் சொல்வார். அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.